ட்ரோன் பறக்கையில் மின்சாரம் அறுதல்

பறந்துகொண்டிருக்கும் ட்ரோனின் மோட்டார்களுக்கோ கட்டுப்பாட்டுப் பலகைக்கோ செல்லும் மின்சாரம் திடீரென நின்றுபோகும் பழுது இது. நான்கு மோட்டார் ட்ரோனால் விமானத்தைப்போலச் சறுக்கி இறங்க முடியாது; அப்படியே கீழே விழும்.

விழுந்த ட்ரோனில் முதலில் பார்க்க வேண்டியது அதன் பறத்தல் பதிவு. உடைந்த பாகங்களைப் புரட்டுவதெல்லாம் பிறகுதான். உயரத்தில் இருக்கும்போதே பதிவு சட்டென்று முடிந்திருந்தால், பெரும்பாலும் கட்டுப்பாட்டுப் பலகைக்கே மின்சாரம் வரவில்லை; பேட்டரி, கனெக்டர், பற்றவைத்த இணைப்புகள் ஆகியவற்றைச் சோதிக்க வேண்டும். பதிவு தரைவரை தொடர்ந்து, ஒரு மோட்டாருக்கான கட்டளை மட்டும் உச்சத்துக்கு ஏறியிருந்தால், பழுது அந்த மோட்டாரிலோ, அதன் வேகக் கட்டுப்படுத்தியிலோ, புரொப்பல்லரிலோ இருக்கும்.

லித்தியம் பாலிமர் பேட்டரியின் ஒரு செல் முழு மின்னேற்றத்தில் 4.2 வோல்ட் காட்டும். 3 வோல்ட்டுக்குக் கீழே போனால் கெடத் தொடங்கும். பேட்டரி பழையதானாலும் குளிர்ந்திருந்தாலும் அதன் உள்மின்தடை கூடும். தரையில் சரியாக இருந்த மின்னழுத்தம், ட்ரோன் வேகமாக மேலேறும்போது சரிவது இதனால்தான். சும்மா இருக்கும் பேட்டரியை மல்ட்டிமீட்டரில் அளந்து திருப்திப்படுவதில் அதிகப் பயனில்லை. உப்பிய பேட்டரியை, சோதனைக்காகக்கூட, மீண்டும் பறக்கவிடக் கூடாது.

பேட்டரி நல்லதாக இருந்தாலும், அதன் பிடிப்பு தளர்ந்தால் போதும், மின்சாரம் அறுந்துவிடும். கோப்ரோ நிறுவனம் தன் கார்மா ட்ரோன்கள் சுமார் 2,500-ஐ 2016 நவம்பரில் திரும்பப் பெற்றது இதனால்தான். பேட்டரிப் பூட்டை மாற்றியமைத்து 2017 பிப்ரவரியில் விற்பனையை மீண்டும் தொடங்கியது.