கூரை மேல் நிற்கும் துரை: பேராக் சாலையோரத்தில் ஒரு வரலாற்றுப் பாடம்

பள்ளி விடுமுறை வந்துவிட்டால் நம்மில் பலர் காரை எடுத்துக்கொண்டு வடக்கே கிளம்பிவிடுவோம். பினாங்கு, லங்காவி என்று பறக்கிற அவசரத்தில் பேராக் மாநிலம் நமக்கு ஓர் ஓய்வுத்தளம், அவ்வளவுதான். இம்முறை ஒரு நாள் ஒதுக்கி, கோப்பெங்கில் நெடுஞ்சாலையை விட்டு இறங்கிப் பாருங்கள். பத்து காஜா, தஞ்சோங் துவாலாங், தெலுக் இந்தான் என்று போகும் அந்தப் பழைய சாலைகளில், 'இது எதற்கு இங்கே நிற்கிறது?' என்று கேட்க வைக்கும் பொருள்கள் உள்ளன. வரலாறு படிக்கும் மாணவனுக்கு அந்தக் கேள்விதானே முதல் படி?

கோப்பெங்கிலிருந்து பத்து காஜாவை நோக்கிப் போகும்போது, சிற்றாறு ஒன்றின் மறுகரையில் திடீரென்று ஒரு மாளிகை தெரியும். கெல்லி கோட்டை. பெயரில்தான் கோட்டை, உண்மையில் அது முடிக்கப்படாத வீடு.

இதை நான் வகுப்பில் முதன்முதலில் சொல்லிக்கொடுத்தபோது, 'கெல்லி கோட்டையைக் கட்டியவர் வில்லியம் கெல்லி ஸ்மித்' என்று வெண்பலகையில் எழுதினேன். கடைசி வரிசையில் இருந்த ஒரு பையன், "அவரா டீச்சர் கல்லு தூக்குனாரு?" என்றான். வகுப்பே சிரித்தது. நானும் சிரித்துவிட்டு அடுத்த வரிக்குப் போய்விட்டேன். அப்படிப் போயிருக்கக் கூடாது.

முதலில் ஸ்மித்தைப் பார்த்துவிடுவோம். ஸ்காட்லாந்தில் 1870இல் பிறந்தவர். இருபது வயதில் மலாயாவுக்கு வந்து, சார்லஸ் அல்மா பேக்கர் என்பவரின் நில அளவை நிறுவனத்தில் சேர்ந்தார். காட்டை அழித்துச் சாலை போடும் வேலையில் பணம் சேர்ந்தது. கிந்தாவில் சுமார் 1,000 ஏக்கர் நிலம் வாங்கி, பால்மரம் நட்டார். ஈய லம்பத்திலும் இறங்கினார். தோட்டத்திற்குச் சொந்த ஊரின் நினைவாகக் கிந்தா கெல்லாஸ் என்று பெயர் வைத்தார். அங்கே அவருக்கு ஏற்கெனவே ஒரு வீடு இருந்தது. 1915இல் மகன் பிறந்த பிறகு, அதன் அருகிலேயே இன்னும் பெரிதாக ஒன்று கட்டத் தொடங்கினார். ஆறு மாடிக் கோபுரம், மொட்டைமாடி, மின்தூக்கிக்கென விடப்பட்ட குழி என்று ஆசைக்கு அளவே இல்லை. செங்கல்லும் பளிங்கும் இந்தியாவிலிருந்து கப்பலில் வந்தன. கொத்தனார்களும் அங்கிருந்துதான் வந்தார்கள், மதராஸ் பக்கத்திலிருந்து.

1918இல் உலகையே உலுக்கிய இன்ஃப்ளுவென்சா காய்ச்சல் மலாயாத் தோட்டங்களையும் கடுமையாகத் தாக்கியது. நெருக்கமான லயங்களில் வாழ்ந்த இந்தியத் தொழிலாளர்கள் அதிகம் இறந்தார்கள். மாளிகை வேலை செய்தவர்களும் தப்பவில்லை. எஞ்சியவர்கள் துரையிடம் போய், மாரியம்மனுக்குக் கோவில் கட்டவேண்டும் என்று கேட்டார்கள். நோய் பரவும் காலத்தில் மாரியம்மனைத் தேடிப் போவது நம் ஊர் வழக்கம். கடல் கடந்து வந்தபோது அதையும் கூடவே கொண்டுவந்திருக்கிறார்கள். ஸ்மித் சம்மதித்தார். கோட்டைக்குச் சற்றுத் தள்ளிக் கோவில் எழுந்தது. பிறகு மாளிகை வேலையும் தொடர்ந்தது.

ஆனால் மாளிகை முடியவில்லை. 1926இல் ஐரோப்பா போன ஸ்மித், லிஸ்பன் நகரில் நிமோனியா கண்டு இறந்தார். மின்தூக்கி வாங்கத்தான் போனார் என்று கதை சொல்வார்கள். மனைவி ஆக்னஸ் சொத்தை விற்றுவிட்டு நாடு திரும்பினார். மாளிகையைக் காடு மூடியது.

இன்று அங்கே போனால் இரகசியச் சுரங்கம், நடமாடும் ஆவி என்று நிறையக் கேட்கலாம். பிள்ளைகளுக்குப் பிடிக்கும், கேட்கட்டும். எனக்கு ஒரு மனக்குறை மட்டும் உண்டு. ஆவிக்குக் கிடைக்கிற நேரத்தில் பாதிகூடக் கொத்தனாருக்குக் கிடைப்பதில்லை. எனவே கோட்டையைப் பார்த்தவுடன் காரைத் திருப்பிவிடாதீர்கள். கோவிலுக்குப் போங்கள்.

கோவிலின் கூரையை அண்ணாந்து பார்த்தால் தெய்வச் சிலைகளுக்கு நடுவே வெள்ளைச் சட்டை, கால்சட்டை, தலையில் தொப்பியுடன் ஒருவர் நிற்பார். அவர்தான் ஸ்மித். முதல் தடவை பார்க்கிறவர்கள் கைப்பேசியை எடுத்துவிடுவார்கள், வேடிக்கையான காட்சிதான். ஆனால் படம் எடுத்தபின் ஐந்து நிமிடம் நின்று பாருங்கள்.

அந்தச் சிலையை அங்கே வைத்தது யார்? கோவில் கட்டிய தொழிலாளர்கள். வழக்கமாக இதற்குச் சொல்லும் விளக்கம் நன்றிக்கடன் என்பது. கோவிலுக்கு அனுமதியும் உதவியும் தந்த துரைக்கு மரியாதை. தவறென்று சொல்லமாட்டேன். தமிழ்நாட்டுக் கோவில்களில் திருப்பணி செய்த மன்னர்களும் செல்வர்களும் தூணில் சிலையாக நிற்பது உண்டு. கொடை கொடுத்தவனைக் கோவிலில் நிறுத்தும் அந்தப் பழைய பழக்கத்தில் நாயக்க மன்னனுக்குப் பதில் ஸ்காட்லாந்துத் துரை வந்து நிற்கிறார், அவ்வளவே.

இன்னொரு விதமாகவும் பார்க்கலாம். கோட்டையில் எது எங்கே இருக்கவேண்டும் என்று முடிவு செய்தவர் துரை. கோவிலில் அந்த முடிவைத் தொழிலாளர்கள் எடுத்தார்கள். துரையைக் கருவறைக்குள் வைக்கவில்லை. கூரையில், காவலுக்கு நிற்கிறவரைப் போல நிறுத்தினார்கள். அவர்கள் என்ன நினைத்தார்கள் என்பது எழுத்தில் இல்லை. நான் சொல்வது ஊகம்தான். மாணவர்களே, தேர்வில் எழுதும்போதும் இந்த வேறுபாட்டைக் காட்டுங்கள். 'சிலை உள்ளது' என்பது சான்று. 'நன்றிக்காக வைத்தார்கள்' என்பது விளக்கம். 'கோவில் கட்டியதும் நோய் நின்றது' என்பது நம்பிக்கை. மூன்றையும் ஒரே வாக்கியத்தில் குழப்பி எழுதுவதால்தான் மதிப்பெண் போகிறது.

ஒரு நுணுக்கம்: கோவில் சிலைகளுக்குத் திருப்பணியின்போது வண்ணம் புதுப்பிப்பார்கள். ஆகவே இன்று நாம் பார்க்கும் நிறம் அன்றைய நிறம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

அங்கிருந்து பத்து காஜா வழியாகத் தஞ்சோங் துவாலாங் போகும் சாலையில் ஒரு கப்பல் தரையில் நிற்கும். கடல் எங்கோ இருக்க, இங்கே ஏது கப்பல் என்று பிள்ளைகள் கேட்பார்கள். அது ஈயக் கப்பல், ஐந்தாம் எண். 1938இல் கட்டப்பட்டது, சுமார் 4,500 டன் எடை. தானே தோண்டிய குளத்தில் மிதந்தபடி, முன்னால் வாளிச் சங்கிலியால் மண்ணை அள்ளி, வயிற்றுக்குள் கழுவி ஈயத்தைப் பிரித்து, பின்னால் கழிவு மணலைக் கொட்டும். முன்னே வெட்டி, பின்னே நிரப்புவதால் குளமும் கூடவே நகரும்! 1982இல் ஓய்ந்தது. மூன்று ஆண்டு கழித்து உலக ஈய விலையே சரிந்தது. சுற்றிலும் தெரியும் குட்டைகளும் மணல்வெளியும் லம்பத் தொழில் விட்டுப்போன தடங்கள். வண்டியை நிறுத்தாமலேயே பார்க்கக்கூடிய புவியியல் பாடம்.

நேரம் இருந்தால் தெற்கே தெலுக் இந்தான் வரை போகலாம். அங்குள்ள சாய்ந்த கோபுரத்தைப் படத்தில் எல்லாரும் பார்த்திருப்பீர்கள். 1885இல் லியோங் சூன் சோங் என்ற குத்தகையாளர் கட்டியது. வெளியே எட்டு மாடி. உள்ளே மூன்றே மாடி. மேலே தண்ணீர்த் தொட்டி. அடிமண் இளகியதாலும் நீரின் பாரத்தாலும் ஒருபக்கம் சாய்ந்துவிட்டது. இங்கே கட்டியவரின் பெயர் நிற்கிறது என்பதைக் கவனியுங்கள். அவர் குத்தகையாளர். அவருக்குக் கீழே செங்கல் அடுக்கியவர்கள்? அந்தப் பையனின் கேள்விதான் மறுபடியும்.

சக ஆசிரியர்களுக்கு ஒரு வார்த்தை. சென்ற ஆண்டு நான்காம் படிவ மாணவர்களைக் கோட்டைக்கு அழைத்துப் போனேன். பயிற்சித்தாளில் மூன்றே கேள்விகள்: இதைச் செய்தது யார், யாருக்காகச் செய்தார்கள், இது எதைச் சொல்லாமல் விடுகிறது? கோட்டைக்கு ஒரு தாள், கோவிலுக்கு ஒரு தாள். கோட்டைத் தாளில் முதல் கேள்விக்குப் பெரும்பாலோர் ஸ்மித்தின் பெயரையே எழுதினார்கள். ஒரு மாணவி மட்டும் அந்த இடத்தைக் காலியாக விட்டுவிட்டு, ஓரத்தில் பென்சிலால், "பெயர் தெரியல டீச்சர், ஆனா எங்க தாத்தாவோட தாத்தா ஊர்க்காரங்களா இருக்கலாம்" என்று எழுதியிருந்தாள். நான் முழு மதிப்பெண் போட்டேன்.