லைனிங்கர், மேடலின்

லைனிங்கர், மேடலின் (1925–2012): அமெரிக்கச் செவிலியர், மானிடவியலாளர்; பண்பாட்டிடைச் செவிலியம் என்னும் துறையை நிறுவியவர். நெப்ராஸ்கா மாநிலத்தின் சட்டன் என்ற ஊரில், பண்ணைக் குடும்பத்தில் பிறந்தார். பிறவி இதயநோயால் வருந்திய உறவினர் ஒருவரைக் கண்டே இப்பணிக்கு வந்ததாகக் கூறுவர். 1948இல் டென்வரில் செவிலியர் பட்டயம் பெற்றார்.

1950களின் நடுவில் சின்சினாட்டியில் குழந்தைகளுக்கான மனநல இல்லமொன்றில் பணியாற்றினார். அங்கிருந்த குழந்தைகள் உண்பதிலும் உறங்குவதிலும் விளையாடுவதிலும் வேறுபட்டனர். அவரவர் வளர்ந்த பண்பாடே இதற்குக் காரணம் என்று லைனிங்கர் கருதினார். தாம் கற்றிருந்த உளப்பகுப்பாய்வு இதற்கு விடை தரவில்லை. சின்சினாட்டிப் பல்கலைக்கழகத்துக்கு வந்திருந்த மானிடவியலாளர் மார்கரெட் மீடுடன் இதுபற்றி உரையாடினார். பின்னர்ச் சியாட்டிலில் மானிடவியல் பயிலச் சேர்ந்தார்.

1960களின் தொடக்கத்தில் பாப்புவா நியூகினியின் கிழக்கு மேட்டுநிலத்துக்குச் சென்று, காட்சுப் மக்களின் இரண்டு ஊர்களில் ஏறத்தாழ இரண்டாண்டுகள் தனியாக வாழ்ந்தார். நோயுற்றவரைத் தொட்டுத் தேற்றுதல், ஊட்டிப் பேணுதல், தீங்கு அணுகாமல் உறவினர் கண்காணித்தல் ஆகியவற்றை அங்கே கண்டார். மருத்துவமனை இல்லாத இடத்திலும் பேணுதல் உண்டு, அதற்கு அம்மக்களுக்கே உரிய முறையும் உண்டு என்னும் முடிவுக்கு வந்தார். இவருடைய கோட்பாடு முழுவதற்கும் இதுவே வேர். பின்னாளில் ஆய்வாளர்களுக்கென ஒரு வழிகாட்டி அமைத்தார். தாம் அயலார் நிலையிலிருந்து நம்பிக்கைக்குரிய தோழர் நிலைக்கு நகர்ந்துள்ளோமா என்று ஆய்வாளர் தம்மையே சோதித்துக்கொள்ளச் சொல்வது அது. இவர் எழுதியவற்றுள் இன்றும் தனித்து நிற்பது இதுவே எனலாம்.

முனைவர் பட்டம் பெற்ற ஆண்டு 1965 என்றும் 1966 என்றும் குறிக்கப்படுகிறது. மானிடவியலில் அப்பட்டம் பெற்ற முதல் செவிலியர் இவரே என்பது பரவலான கூற்று.

1966இல் கொலராடோ பல்கலைக்கழகத்தில் பண்பாட்டிடைச் செவிலியத்தின் முதல் பாடத்தை நடத்தினார். வாஷிங்டன், யூட்டா பல்கலைக்கழகங்களில் செவிலியப் புலத் தலைவராகவும் டெட்ராய்ட்டின் வெய்ன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராகவும் இருந்தார். 1974இல் பண்பாட்டிடைச் செவிலியக் கழகத்தை நிறுவினார். நோயாளியின் வழக்கத்தைக் காத்தல், அதற்கு இணங்கிச் செல்லுதல், தேவைப்பட்டால் அவருடன் சேர்ந்து மாற்றியமைத்தல் என்னும் மூன்று வழிகளை இவருடைய கோட்பாடு வகுக்கிறது. 1991இல் இது நூலாக விரிந்தது.

மறுப்புகளும் எழுந்தன. நியூசிலாந்தின் மாவோரிச் செவிலியர் இரிஹாபெட்டி ராம்ஸ்டன், பிறர் வழக்கங்களை அறிவது போதாது, செவிலியர் தம் கையிலுள்ள அதிகாரத்தை உணர வேண்டும், பேணுதல் பாதுகாப்பானதா என்பதைப் பெறுபவரே கூற வேண்டும் என்றார். இரு நெறிகளும் ஒன்றையொன்று நிறைவு செய்வன என்பாரும் உளர்.

1998இல் அமெரிக்கச் செவிலியர் அகாதெமி இவரை ‘வாழும் மேதை’ எனச் சிறப்பித்தது. 2012 ஆகஸ்டு 10இல் ஓமாஹாவில் காலமானார். 1989இல் இவரை ஆசிரியராகக் கொண்டு தொடங்கிய பண்பாட்டிடைச் செவிலிய இதழ் இன்றும் வெளிவருகிறது.