முன்பழக்கமும் அறிவாற்றலும்

அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரிலுள்ள கார்னகி மெல்லன் பல்கலைக்கழகம் கணிப்பொறிக் கல்வியில் முன்வரிசையில் நிற்பது. ஆயினும், 1995ஆம் ஆண்டு அங்குக் கணிப்பொறி இயல் பயிலச் சேர்ந்தோருள் பெண்கள் நூற்றுக்கு 7 பேரே. பெண்களுக்கு இத்துறையில் நாட்டமில்லை என்று கூறி அமைந்துவிடாமல், ஜேன் மார்கோலிஸ், ஆலன் ஃபிஷர் என்னும் இருவர் மாணவ மாணவியரை நேரிற் கண்டு பலமுறை வினவினர்.

இளமை முதலே வீட்டில் கணிப்பொறியோடு பழகிய இளைஞர் பலர், முதல் நாளிலேயே கலைச்சொற்களைச் சரளமாக உதிர்த்தனர். அதைக் கேட்ட புதியவர்கள், சிறப்பாக மாணவியர், தமக்கு அறிவு போதாதென்று மயங்கினர். சிலர் துறையையே துறந்தனர். முன்பழக்கம் அறிவாற்றலாக மதிக்கப்பட்டதே அவ்வகுப்பறையில் நேர்ந்த அநீதி. கணிதத்திலும் மொழிப்பாடத்திலும் ஆசிரியர்கள் அறியாமலே இழைக்கும் பிழைதான் இது! பழக்கமின்றி வந்தோர் பலர் பின்னாளில் மற்றவர்க்கு நிகராகத் தேறியதையும் அவ்வாய்வு காட்டிற்று.

அதன்பின், சேர்க்கையில் முன்பழக்கத்திற்கு அளித்த சிறப்பு நீக்கப்பட்டது. பழகியோர்க்கும் புதியோர்க்கும் தனித்தனித் தொடக்க வகுப்புகள் அமைந்தன. உயர்நிலைப்பள்ளி ஆசிரியர்க்கு நடந்த கோடைப் பயிற்சியில், கணிப்பொறி மொழியோடு, மாணவியரை ஒதுக்காது கற்பிக்கும் முறையும் பாடமாயிற்று. 2000ஆம் ஆண்டு புதிதாய்ச் சேர்ந்தோருள் பெண்கள் நூற்றுக்கு 42 பேர்.