தலைச்சுற்றலும் கண்ணசைவுச் சோதனைகளும்

தலைச்சுற்றலுக்குக் காரணம் உட்காதா, மூளையா என்று நோயாளியின் கண்ணசைவைப் பார்த்தே படுக்கையருகில் கண்டறியும் முறைகள் இவை. உட்காதிலுள்ள அரைவட்டக் குழல்கள் தலையின் ஒவ்வொரு திருப்பத்தையும் மூளைக்குத் தெரிவிக்கின்றன. மூளை உடனே கண்ணை எதிர்த்திசையில் நகர்த்திப் பார்வையை நிலைநிறுத்துகிறது. இந்தத் தொடர்பு கெட்டால் கண் தானாகத் துடிக்கும். எங்கே கெட்டது என்பதைத் துடிக்கும் விதம் சொல்லிவிடும்.

தலைச்சுற்றல் காதிலிருந்தும் வரலாம் என்று 1861-இல் பாரிஸில் மருத்துவர் மெனியே எடுத்துச்சொன்னார். வியன்னா மருத்துவர் ராபர்ட் பாரனி, காதைத் தண்ணீர் பீய்ச்சிக் கழுவும்போது நோயாளிகளுக்குத் தலை சுற்றுவதைக் கவனித்தார். குளிர்ந்த நீருக்குக் கண் ஒரு பக்கமும் வெந்நீருக்கு மறுபக்கமும் துடித்தது. அதைச் சோதனையாகவே வகுத்தார். 1914-ஆம் ஆண்டுக்கான நோபல் பரிசுச் செய்தி வந்தபோது அவர் ரஷ்யர்களின் போர்க்கைதி. படுக்கும்போதும் புரளும்போதும் வரும் சுற்றலை 1952-இல் லண்டனில் டிக்ஸும் ஹால்பைக்கும் ஒரு சோதனைக்குள் கொண்டுவந்தார்கள்: தலையை 45 பாகை திருப்பிச் சட்டென்று மல்லாக்கப் படுக்கவைத்தால், சில நொடி கழித்துக் கண் சுழன்று துடித்து, பெரும்பாலும் ஒரு நிமிடத்துக்குள் அடங்கும். உட்காதில் இடம்பெயர்ந்த சுண்ணத் துகள்களே காரணம். அவற்றைத் தலையசைவாலேயே பழைய இடத்துக்கு நகர்த்தும் முறையை எப்லி 1992-இல் வெளியிட்டார். அதற்கு மருந்தே தேவையில்லை.

விடாமல் சுற்றும் தலைச்சுற்றல்தான் அச்சத்துக்குரியது. 1988-இல் சிட்னியின் ஹால்மாகியும் கர்த்தாய்ஸும் ஓர் எளிய சோதனையைத் தந்தார்கள். மருத்துவரின் மூக்கையே பார்க்கச் சொல்லி, நோயாளியின் தலையைச் சிறிதளவு வெடுக்கென்று திருப்ப வேண்டும். காது நரம்பு பழுதானால் கண் தலையோடு போய், பிறகு தாவி மூக்குக்குத் திரும்பும். ஓயாமல் சுற்றிக்கொண்டிருக்கும் ஒருவரின் கண் தாவாமல் மூக்கிலேயே நின்றால் மூளைப் பக்கவாதத்தைச் சந்தேகிக்க வேண்டும். இயல்பான விடையே ஆபத்தைக் காட்டுவது மருத்துவத்தில் அபூர்வம்.

இதனோடு, பார்க்கும் பக்கத்துக்கேற்பத் துடிப்பின் திசை மாறுகிறதா, கண்களை மாற்றிமாற்றி மூடும்போது விழி மேலும் கீழும் நகர்கிறதா என்ற இரண்டையும் சேர்த்து, காட்டா, நியூமன்-டோக்கர் குழு 2009-இல் ‘ஹின்ட்ஸ்’ முறையை வெளியிட்டது. அவர்கள் சோதித்த, பக்கவாத வாய்ப்புள்ள 101 பேரில் 76 பேருக்கு மூளையில்தான் கோளாறு. பக்கவாதம் வந்த யாரையும் இம்முறை தவறவிடவில்லை, முதல் எம்.ஆர்.ஐ. ஸ்கேனோ 12 விழுக்காட்டினரைத் தவறவிட்டது.

திருநெல்வேலிப் பக்கம், தாமிரபரணிக் கரையில் இம்முறை பெரிதும் பயன்படக்கூடியது. தலை கிறுகிறுத்தால் ‘பித்தம்’ என்றும் ‘கழுத்தெலும்பு தேய்மானம்’ என்றும் சொல்லி நாளைக் கடத்துவது இங்கே வழக்கம். பாபநாசத்திலிருந்து பாளையங்கோட்டையிலுள்ள ஹைகிரவுண்ட் அரசு ஆஸ்பத்திரி ஏறத்தாழ 50 கி.மீ. அடைப்பால் வந்த பக்கவாதத்துக்கு ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியை நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். யாரை உடனே ஆம்புலன்ஸில் ஏற்றுவது என்று வழியிலுள்ள அம்பாசமுத்திரத்திலேயே முடிவெடுக்க, பயின்ற கையும் கண்ணும் பேருதவி. பாளையங்கோட்டையில் 1964-இல் தொடங்கிய அரசு சித்த மருத்துவக் கல்லூரியும் 1965-இல் தொடங்கிய திருநெல்வேலி மருத்துவக் கல்லூரியும் உள்ளன. சித்த மருத்துவத்தில் நோயறியும் எண்வகைத் தேர்வில் விழியும் ஒன்று. ஆனால் அதில் பார்ப்பது விழியின் நிறமும் தன்மையும்.

சுற்றல் நீடித்து, கண் துடித்துக்கொண்டிருக்கும் நோயாளிக்கே ‘ஹின்ட்ஸ்’ பொருந்தும். வந்து வந்து போகும் சுற்றலில் செய்தால் இல்லாத பக்கவாதம் இருப்பதாகத் தோன்றும். பயிற்சியில்லாதவர் செய்யும்போது துல்லியம் வெகுவாகக் குறைகிறது. கழுத்தில் காயம் பட்டவரின் தலையை வெடுக்கென்று திருப்பவே கூடாது.