பிளவைப் பிடித்து நிறுத்தும் ஆப்பு

ஜார்ஜ் நகாஷிமாவின் புகழ்பெற்ற மேசைகள் பலவற்றில் முதலில் கண்ணில் படுவது மரத்தின் பிளவுதான். வேறொரு தச்சர் அறுத்து எறிந்திருக்கக்கூடிய வெடிப்பு அது. அதன் குறுக்கே பட்டாம்பூச்சி வடிவ ஆப்பு ஒன்று இறுகப் பதிந்திருக்கும். பிளவு மேலும் விரியாது; மறையவும் செய்யாது. பலகையின் ஓரமும் அடிமரத்தின் வளைவோடு அப்படியே விடப்பட்டிருக்கும்.

இந்த மனப்பான்மையை ஜப்பானிய மரபு என்ற ஒற்றைச் சொல்லில் அடக்கிவிடுவது வழக்கம். ஆனால் 1905இல் அமெரிக்காவின் ஸ்போகேன் நகரில் பிறந்த நகாஷிமா, கட்டடக்கலை பயின்றவர். தோக்கியோவில் அன்டோனின் ரேமண்டின் அலுவலகத்தில் பணியாற்றியபோது, பிரெஞ்சு ஆட்சியிலிருந்த புதுச்சேரிக்கு அனுப்பப்பட்டார். அரவிந்தர் ஆசிரமத்தின் கோல்கொண்டே விடுதியின் கட்டுமானத்தை மேற்பார்வையிடுவது அவர் பணி. அங்கே ஆசிரமவாசிகளே பணியாட்களோடு சேர்ந்து உழைத்தனர். பக்தர்கள் அளித்த பித்தளைப் பாத்திரங்களை உருக்கிக் கதவுக்கான பிடிகளையும் கீல்களையும் வார்த்தனர். அந்த விடுதிக்கான தேக்கு அறைகலன்களை நகாஷிமா வடிவமைத்தார். சம்பளத்தைத் துறந்து ஆசிரமத்தில் இணைந்த அவருக்கு அரவிந்தர் இட்ட பெயர் சுந்தரானந்தா. வேலையே வழிபாடாகலாம் என்ற எண்ணம் அங்கே அவருக்கு அன்றாட நடைமுறையாக வாய்த்தது.

அடுத்த பாடம் கசப்பானது. 1942இல், ஜப்பானிய வம்சாவளியினர் என்ற ஒரே காரணத்துக்காக, கைக்குழந்தையுடன் அவர் குடும்பம் ஐடஹோ மாநிலத்தின் மினிடோகா முகாமில் அடைக்கப்பட்டது. ஜப்பானில் தச்சுப் பயிற்சி பெற்ற கெந்தாரோ ஹிகோகாவாவை அவர் சந்தித்தது அங்கேதான். உளியையும் வாளையும் கையாளும் முறைகளை அவரிடம் கற்றார். நல்ல மரம் கிடைக்காத இடம்; கழிவுப் பலகையும் பாலைநிலத்துப் புதர்க்கட்டையுமே மூலப்பொருள். குறையுள்ள மரத்தை ஒதுக்கும் வசதி அங்கு யாருக்கும் இல்லை.

ரேமண்டின் முயற்சியால் 1943இல் விடுதலையாகி, பென்சில்வேனியாவின் நியூ ஹோப்பில் அவர் பட்டறை அமைத்தார். இயந்திரங்களை அவர் வெறுக்கவில்லை. நோல் போன்ற நிறுவனங்களுக்கும் வடிவங்கள் தந்தார். ஆனால் தம் பட்டறையில் மரத்தைத் தேர்வதையும், அதை எந்தத் திசையில் அறுப்பது என்ற முடிவையும் தம் பொறுப்பிலேயே வைத்திருந்தார். அறுத்த பலகைகள் ஆண்டுக்கணக்கில் உலரக் காத்திருந்தன. 1964இல் அகமதாபாத்தின் தேசிய வடிவமைப்பு நிறுவனத்துக்கும் அவர் வந்து அறைகலன்கள் வடிவமைத்தார். 1990இல் அவர் மறைந்த பிறகு, முகாமில் கைக்குழந்தையாக இருந்த மகள் மீரா பட்டறையை ஏற்று நடத்தினார்.

கடந்த சில ஆண்டுகளாக, பிளவுபட்ட பலகைகளுக்கிடையே நிறமேற்றிய எபாக்ஸி பிசினை ஆறுபோல் ஊற்றிச் செய்யும் மேசைகள் உலகெங்கும் விற்பனையாகின்றன. இயற்கையான ஓரம் அவற்றிலும் உண்டு. ஆனால் அங்கே பிளவு ஓர் அலங்காரத்துக்கான சாக்கு. சில வேளைகளில் அந்த இடைவெளிக்காகவே மரம் அறுக்கப்படுகிறது. பொருளை மதிப்பதாகச் சொல்லும் வடிவமைப்பாளரிடம் கேட்க வேண்டிய கேள்வி எளியது: மரம் உங்கள் வரைபடத்தை மாற்றியதா? நகாஷிமாவின் ஆப்பு எங்கே பதிய வேண்டும் என்பதைப் பிளவுதான் தீர்மானித்தது.