சிவப்புக் கோடு பிறந்த கதை

“தம்பி, உங்கட பெட்டி ஐந்து கட்டையில சுருதி பிடிக்குது. ஆனா கொஞ்சம் கூடக் கிடக்கு.”

கீழ்வீட்டுச் சங்கீத அன்ரி வாசலில் நின்றபடியே சொன்னார். லா சப்பல் மெத்ரோவுக்குக் கிட்ட, ஃபோபூர் சென் தெனித் தெருவில் மூன்றாம் மாடி எங்கள் வீடு. பெட்டி என்பது நானே ஈயம் உருக்கி ஒட்டிய மொடியூலர் சிந்தசைசர்; மொடியூல் எனும் தனித்தனித் துண்டுகளை வயரால் இணைத்து மின்சாரத்தால் இசை எழுப்பும் கருவி. அன்றைக்கு அதை நான் வாசிக்கவே இல்லை. அவர் கேட்டது வெறும் இரைச்சல்.

காது பொய் சொல்லவில்லை. பிரான்சில் வீட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். ஐந்து கட்டைச் சட்ஜமத்தை ஸ்தாயி ஸ்தாயியாக இறக்கினால் 49 ஹெர்ட்ஸில் வந்து நிற்கும். டயோடுகள் அதை ஒரே திசை மின்சாரமாக்கும்போது இரைச்சல் 100 ஆகிறது. ஸ்தாயி ஏறுகிறது, சுரம் அதே. அமெரிக்காவில் 60 ஹெர்ட்ஸ். அங்கே இதே பெட்டி ஆறரைக் கட்டையைத் தாண்டி முனகியிருக்கும்.

இந்த வகைப் பெட்டிகளுக்கு ஒரு பழைய கதை உண்டு. ரொபர்ட் மோக் 1964இல் தன் முதல் மொடியூல்களைச் செய்தார். 1969இல் இசையமைப்பாளர் டேவிட் டியூடர் ஒரு மோக் சிந்தசைசரைக் கொண்டுவந்து அகமதாபாத் தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில் நிறுவினார். கீதா சாராபாய் அதில் இசை செய்தார். அந்தக் காலத்துப் பெட்டிகளில் மின்சாரத்தைப் பங்கிடுவது பெரும்பாலும் செய்தவரின் தலையிடி. வாங்கியவர் முன்பக்கத்து வயர்களோடு நின்றுவிடலாம்.

1995இல் மியூனிக்குக்குப் பக்கத்தில் டீட்டர் டோப்ஃபர் ஏ-100 என்ற மொடியூல் வரிசையை வெளியிட்டதும் அந்தத் தலையிடி சொந்தமாகப் பெட்டி கோக்கும் எங்களிடம் வந்தது. மொடியூல்களுக்கு மின்சாரம் பங்கிட, கணினிக்குள் ஓடும் தட்டை வயர் நாடாவையே அவர் எடுத்துக்கொண்டார். பத்து இழை நாடாவில் இரண்டு மறை 12 வோல்ட், இரண்டு நேர் 12 வோல்ட். மிச்சம் ஆறும் கிரவுண்ட். சிவப்புக் கோடு நாடா வியாபாரத்தில் முதலே இருந்தது, முதல் இழையைக் காட்ட. அவர் அதை மறை 12க்குக் கொடுத்தார். தலைகீழாகச் செருகினால் நேரும் மறையும் இடம் மாறும், சிப் கருகும். அந்த மணம் எனக்குத் தெரியும்.

கிரவுண்டுக்கு ஆறு இழை எதற்கு? வன்னியில் வயல் செய்தவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. சண்டையெல்லாம் பாயும் வாய்க்காலுக்குத்தான்; வெள்ளம் நிற்பதோ வடிகாலில். கிரவுண்ட் என்பது வடிகால். எல்லா மொடியூலும் குடித்ததை அதற்குள்தான் விட வேண்டும்.

நான் கிரவுண்டுக்குப் போட்டிருந்தது நாடாவிலிருந்து உரித்த ஒற்றை இழை, 40 சென்டிமீட்டர். அதன் தடை ஏறத்தாழ 0.085 ஓம். அற்பம்தான். ஆனால் பக்கத்து மொடியூலின் விளக்குகள் மின்னி 60 மில்லியம்பியர் கூடிக் குறைந்தால், அந்த இழையில் 5 மில்லிவோல்ட் ஏறி இறங்கும். இந்தப் பெட்டிகளில் ஒரு வோல்ட் ஒரு ஸ்தாயி. அரைச் சுரத்துக்கு 83 மில்லிவோல்ட். ஆக விளக்கு மின்னும்போதெல்லாம் அரைச் சுரத்தில் பதினேழில் ஒரு பங்கு சுருதி ஆடும். கமகம் என்று சொல்லித் தப்ப முடியாது. ஆறு இழையாக இருந்தால் ஆட்டமும் ஆறிலொன்றுதான்.

இரைச்சல் என்றதும் எல்லோரும் கெப்பாசிட்டர் வாங்க ஓடுகிறார்கள். நானும் ஓடினேன். மொடியூல் வாசலில் 10 ஓம் தடையும் 10 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டரும் வைத்தால், 1,600 ஹெர்ட்ஸுக்கு மேற்பட்ட சிணுங்கல் அடங்கும். அன்ரியின் ஐந்து கட்டை அசையாது. இதே பாரிஸில் எமிலி ஜிலே, மியூட்டபிள் இன்ஸ்ட்ருமெண்ட்ஸ் என்ற பெயரில் தான் செய்த மொடியூல்களின் வரைபடங்களை யாரும் பார்க்கும்படி வெளியிட்டிருந்தார். அவற்றைப் பரப்பி வைத்துக்கொண்டு இரவுகளில் படித்தேன்.

என் பிழை வடிகாலில்தான். டயோடுகள் பெரிய கெப்பாசிட்டரை நிரப்பும்போது நொடிக்கு 100 தடவை மின்சாரம் குபீரென்று பாயும். அது திரும்பிப் போன வழியும் இசை திரும்பிப் போன வழியும் அந்த ஒற்றை இழைதான். இழையைக் கழற்றி எறிந்தேன். தடித்த செப்புப் பட்டை ஒன்று போட்டு, ஒவ்வொரு மொடியூலுக்கும் அதிலிருந்து தனி வயர் இழுத்தேன். டயோடுப் பக்கத்து மின்சாரம் பட்டையைத் தொடாமல் நேரே கெப்பாசிட்டர் காலுக்கே திரும்பும்படி செய்தேன்.

போன சனி பின்னேரம் அன்ரி மறுபடி வந்தார். பெட்டி ஓடிக்கொண்டிருந்தது. கொஞ்ச நேரம் காதைக் கொடுத்து நின்றார்.

“என்ன தம்பி, பழுதாப் போச்சோ?”