தொழுநோயாளிகளுக்கு முகத்தை மீட்டளித்த பேராசான்: டாக்டர் நோஷிர் ஆன்டியா

இந்தியாவில் பிளாஸ்டிக் அறுவை சிகிச்சையை ஆய்வும் கற்பித்தலும் இணைந்த துறையாக வளர்த்தவர்களுள் டாக்டர் நோஷிர் ஹார்மஸ்ஜி ஆன்டியா (1922–2007) முக்கியமானவர். மும்பை ஜே.ஜே. அரசு மருத்துவமனையில் இத்துறைக்கான பிரிவை உருவாக்கிய அவருக்கு, 1990-ஆம் ஆண்டில் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது.

மும்பையில் மருத்துவம் பயின்ற ஆன்டியா, இங்கிலாந்தில் சர் ஹெரால்டு கில்லிஸிடம் பயிற்சி பெற்றார். முதல் உலகப் போரில் முகம் சிதைந்த வீரர்களுக்குச் சிகிச்சை அளித்து, நவீன பிளாஸ்டிக் அறுவை சிகிச்சைக்கு அடித்தளமிட்டவர் கில்லிஸ். தாயகம் திரும்பிய ஆன்டியா, அந்த அறிவைத் தொழுநோயாளிகளுக்காகப் பயன்படுத்தினார்.

தொழுநோய்க் கிருமி நரம்புகளைத் தாக்குவதால் உணர்ச்சி குன்றி, விரல்கள் மடங்குகின்றன. நோய் முற்றினால் மூக்குத்தண்டு அமிழ்ந்து, புருவ முடி உதிர்கிறது. மருந்தால் கிருமி அழிந்தாலும் இச்சிதைவுகள் நீங்குவதில்லை. நோய் குணமான பிறகும் முகத்தைக் கண்டே சமூகம் அவர்களை ஒதுக்கியது. எனவே, மூக்கை நிமிர்த்துவதும் புருவத்தை அமைப்பதும் அழகுக்கான சிகிச்சையாக இருக்கவில்லை. அவர்கள் வீட்டுக்கும் வேலைக்கும் திரும்புவதற்கான வழியாக இருந்தன. வேலூரில் டாக்டர் பால் பிராண்ட், தொழுநோயால் முடங்கிய கைகளுக்கான அறுவை சிகிச்சையில் 1940-களின் இறுதியிலேயே முன்னோடியாக விளங்கினார். முகச் சீரமைப்பில் ஆன்டியாவின் பணி குறிப்பிடத்தக்கது.

சக மருத்துவர் புக்குடன் இணைந்து அவர் வெளியிட்ட இரு ஆய்வுகள் உலக கவனத்தைப் பெற்றன. காதுமடல் விளிம்பில் ஏற்படும் குறையை, எஞ்சிய மடலின் தோலையும் குருத்தெலும்பையும் நகர்த்தி ஈடுசெய்யும் முறை 1967-இல் வெளியானது. 'ஆன்டியா–புக்' முறை என்ற பெயரில் அது இன்றும் பாடநூல்களில் இடம்பெறுகிறது. வயிற்றுப் பகுதித் திசுவை முகத்துக்கு மாற்றி, அதன் இரத்தக் குழாய்களை நேரடியாக இணைத்த சிகிச்சை குறித்த ஆய்வு 1971-இல் வெளிவந்தது. இவ்வகைத் திசு மாற்றத்தின் தொடக்ககாலச் சாதனைகளுள் இதுவும் ஒன்று.

எனினும், சிதைந்த பின் சீரமைப்பதைக் காட்டிலும் சிதையாமல் காப்பதே மேல் என்பதை அவர் உணர்ந்தார். தோலில் தோன்றும் உணர்ச்சியற்ற தேமலைத் தொடக்கத்திலேயே கண்டறிந்தால் ஊனத்தைப் பெரும்பாலும் தவிர்க்கலாம். அதற்கு அறுவை சிகிச்சை நிபுணர் தேவையில்லை. நகர மருத்துவமனைகளை மையமாகக் கொண்ட மருத்துவக் கல்வி கிராமத்தைச் சென்றடையவில்லை என்று அவர் விமர்சித்தார்.

1970-களில் மும்பைக்கு எதிர்க்கரையில் உள்ள மாண்ட்வா பகுதிக் கிராமங்களில், அதிகம் படிக்காத உள்ளூர்ப் பெண்களுக்குச் சுகாதாரப் பயிற்சி அளிக்கும் திட்டத்தைத் தொடங்கினார். உள்ளூர்ச் செல்வாக்குடையோரின் எதிர்ப்பால் அது நீடிக்கவில்லை. ஆயினும் அவர் நிறுவிய சமூகச் சுகாதார ஆய்வு அறக்கட்டளையும், மருத்துவ ஆய்வு அறக்கட்டளையும் பணியைத் தொடர்ந்தன.

கிராமப் பெண்களையே சுகாதாரப் பணியாளர்களாகக் கொள்ளும் 'ஆஷா' திட்டம், தேசிய ஊரகச் சுகாதார இயக்கத்தின் கீழ் 2005-இல் நாடு தழுவிய அளவில் அறிமுகமானது. ஆன்டியா 2007-இல் காலமானார்.